லாகீசின் வண்டிகள்: அருங்காட்சியகத்தில் ஓர் ஒப்பீடு

பல நாட்டுச் சிற்பங்களை ஒரே கூரையின்கீழ்க் காணும் வாய்ப்புக் கிட்டும்போது, திருப்பணியாளராகிய நாம் பெரும்பாலும் இரண்டிலொரு மனநிலையோடு உள்ளே நுழைகிறோம். எல்லாம் விக்கிரகங்களே என்று ஒதுக்கி விரைந்து நடப்போரும் உண்டு. எந்த இனம் அழகில் விஞ்சியது என்று மதிப்பெண் இடுவோரும் உண்டு. அடியேன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். கிரேக்கர் மனித உடலைப் போற்றினர், அசீரியர் கொடுமையைப் போற்றினர், இந்தியர் தெய்வீகத்தைத் தேடினர், இஸ்ரவேலர் உருவத்தையே மறுத்தனர் என்று பழைய ஏற்பாட்டு வகுப்பில் நான்கே வாக்கியங்களில் சொல்லி முடிப்பது என் வழக்கம். கரும்பலகைக்கு வசதியான பாகுபாடு. இலண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கழித்த ஒரு பிற்பகல் அதைக் குலைத்துவிட்டது.

நினிவேயில் அசீரிய மன்னன் சனகெரிப் எழுப்பிய அரண்மனையின் அறையொன்றில், கி.மு. 701-இல் அவன் யூதாவின் லாகீஸ் நகரை வென்ற வரலாறு சுவரெங்கும் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டு என்னும் ஆங்கிலேயர் தோண்டி எடுத்த அப்பலகைகள் இன்று அங்கே வரிசையாக நிற்கின்றன. மதிலை நோக்கி மண்மேடுகள் எழுகின்றன. இடிக்கும் பொறிகள் அவற்றின்மீது ஏறுகின்றன. மேலிருந்து யூதர் தீப்பந்தங்களை எறிய, பொறிக்குள் இருக்கும் போர்வீரன் நீண்ட அகப்பையால் நீரை ஊற்றி நெருப்பை அணைக்கிறான். போர் முடியுமுன்னரே நகரவாயிலிலிருந்து மக்கள் மூட்டைகளோடு வெளியேறுகின்றனர். முன்னும் பின்னுமான நிகழ்ச்சிகளைச் சிற்பி ஒரே பலகையில் காட்டுகிறான். கழுமரத்தில் ஏற்றப்பட்டோரும், தோலுரிக்கப்படுவோரும் உள்ளனர். இவற்றை நான் எதிர்பார்த்தே சென்றேன்.

எதிர்பாராதது வண்டிகள். மாடுகள் இழுக்கும் வண்டிகளில் மூட்டைகளின்மேல் பெண்களும் சிறுவரும் அமர்ந்திருக்கின்றனர். பெண்களின் தலைமுதல் கணுக்கால்வரை நீண்ட முக்காடு, காலில் செருப்பில்லை. பின்புலத்து மலைச்சரிவில் திராட்சக்கொடிகளும் அத்திமரங்களும். எருசலேமின் மதிலண்டை நின்ற ரப்சாக்கே, சரணடைந்தால் அவனவன் தன் திராட்சச்செடியின் கனியையும் தன் அத்திமரத்தின் கனியையும் புசிப்பான் என்று ஆசை காட்டியதை (2 இராஜாக்கள் 18:31) நாம் அறிவோம். அவனை அனுப்பிய மன்னனின் சிற்பியே அம்மரங்களுக்கு நடுவே மக்களைச் சிறையாய் நடத்திச் செல்கிறான். ரப்சாக்கேயின் பேச்சுக்கு இதைவிட நேரான விரிவுரையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

சிற்பி இரக்கத்தால் இதைச் செய்தான் என்று நான் கூறத் துணியேன். அம்முகங்களில் அழுகை இல்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கொள்ளைப்பொருளைக் கணக்கெழுதும் எழுத்தனின் கவனந்தான் அவனுடையது. ஆயினும் அந்தக் கணக்கில்தான் அவர்களுடைய ஆடையும் மூட்டையும் வண்டியும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யூதாவின் வீடுகளில் களிமண்ணாலான சிறு பெண்ணுருவங்கள் பல அகழ்வாய்வில் கிடைத்துள்ளன என்பது உண்மை. எனினும் தம் வாழ்வைத் தாமே கல்லில் செதுக்கிவைத்த பெருஞ்சிற்பம் எதையும் அம்மக்கள் நமக்கு விட்டுச் செல்லவில்லை. இரண்டாம் கட்டளையின் மக்களைக் கண்ணால் காண விரும்புவோர் பகைவனின் சுவருக்கே போகவேண்டியுள்ளது. அதே அருங்காட்சியகத்திலுள்ள கறுப்புத் தூணிலும் இஸ்ரவேலின் யெகூவுக்குரிய காட்சி, அசீரிய மன்னன் காலடியில் ஒருவன் முகங்குப்புற விழுந்து வணங்குவதாகவே அமைந்துள்ளது.

அசீரியக் கூடங்களிலிருந்து சில அடிகள் நடந்தால் ஏதென்சின் பார்த்தெனோன் கோயிற் சிற்பங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இவ்வேலைப்பாட்டின் அழகைப் பற்றி எழுதாதவர் இல்லை; நானும் எழுதவேண்டியதில்லை. சதுரப் பலகைகளை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். அவற்றில் லாப்பித்தர் என்னும் மாந்தர், பாதி மனிதரும் பாதி குதிரையுமான கெந்தாவுருகளோடு பொருதுகின்றனர். பாரசீகரை வென்ற பெருமிதம் இப்புராணக்கதைக்குப் பின்னால் நிற்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. அது சரியானால், மனிதநேயக் கலை என்று நாம் மாணாக்கருக்குப் போதிக்கும் கலை பகைவனைப் பாதி விலங்காக்கியிருக்கிறது. கொடுங்கலை என்று நாம் ஒதுக்கும் கலையோ அவனை மனைவி மக்களோடும் வண்டிமாட்டோடும் காட்டியிருக்கிறது. என் நான்கு வாக்கியங்களில் முதலிரண்டும் அவ்விடத்திலேயே விழுந்தன.

மூன்றாவது வாக்கியத்துக்காக அமராவதிக் கூடத்தைத் தேடிச் சென்றேன். கிருஷ்ணை ஆற்றங்கரையில் நின்ற பெரும் பௌத்தத் தூபியின் கற்கள் அவை. சர் வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்தவற்றுட் பல சென்னைக்கு வந்து, பின்னர் 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறின. எஞ்சிய கற்களில் ஒரு பெரும் பகுதி நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டையும் கண்டவனுக்கு, பிரிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் இரு வீடுகளுக்கும் போய்வந்த உணர்வு எழும்.

அங்கே ஒரு கல் இருபுறமும் செதுக்கப்பட்டது. முற்பட்ட பக்கத்தில் போதிமரம். அதன்கீழ் வெறுமையான ஆசனம். சுற்றிலும் கைகூப்பிய அடியவர். புத்தரின் உருவம் இல்லை. சில நூற்றாண்டுகளுக்குப்பின் அக்கல்லைத் திருப்பி, மறுபக்கத்தில் தூபியைச் செதுக்கி அதன் வாயிலில் புத்தரையே நிறுத்தினர். வெறுமையான ஆசனத்தைக் கண்டதும் கேருபீன்களுக்கு நடுவே உருவமற்றிருந்த கிருபாசனம் நினைவுக்கு வராத இறையியல் மாணவர் இரார். பிரசங்கத்துக்கு எளிதாய்க் கிடைக்கும் ஒப்புமை அது. எச்சரிக்கை தேவை. புத்தரை உருவமாய்க் காட்டலாகாது என்ற தடையினால் ஆசனம் வெறுமையாய் விடப்பட்டதா, புனிதத்தலத்தில் நிகழ்ந்த வழிபாடே அவ்வாறு செதுக்கப்பட்டதா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். சீனாயின் கட்டளையை அக்கல்லின்மேல் ஏற்றிப் பார்ப்பது அமராவதிச் சிற்பிக்கும் நியாயமன்று, மோசேக்கும் நியாயமன்று. நான் அங்கே கண்டு வியந்தது வேறு: சிறையாக்கப்பட்டோர் எவருமில்லாமல் ஒரு கூட்டத்தைக் கல்லில் நிரப்ப முடிந்திருக்கிறது.

திரும்பும் வழியில் மீண்டும் லாகீசின்முன் நின்றேன். உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து சனகெரிப் கொள்ளைப்பொருளைப் பார்வையிடும் காட்சியில் மன்னனின் முகம் மட்டும் சிதைக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 612-இல் நினிவே விழுந்தபோது பகைவர் வேண்டுமென்றே செய்த வேலை என்று கருதுகின்றனர். முகமற்ற அரசன் முன்னே கைதிகள் முகத்தோடு வருகின்றனர். (நினிவேயும் ஏதென்சும் அமராவதியும் ஒரு பேரரசின் தலைநகரில் வந்து கூடிய விதத்தையும், கொள்ளையைப் பார்வையிடும் மன்னனின் சிற்பத்தை நாமெல்லாரும் அங்கே வரிசையாக நின்று பார்வையிடுவதையும் எண்ணி எனக்குச் சற்றுக் கூச்சமாயிருந்தது.)

நான்காம் வாக்கியத்தை, அதாவது இஸ்ரவேலர் உருவத்தை மறுத்தனர் என்பதை, நான் கைவிடவில்லை. ஆனால் அதைச் சொன்ன தொனி மாறவேண்டியிருக்கிறது. எசேக்கியாவின் காலத்தைக் குறித்து நாம் பிரசங்கிக்கையில் 2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்துக்கே ஓடுகிறோம்: ஜெபம், தேவதூதன், எருசலேமின் மீட்பு. பதினெட்டாம் அதிகாரத்தின் 13-ஆம் வசனம், யூதாவின் அரணான பட்டணங்களெல்லாம் பிடிபட்டதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. சனகெரிப்பின் கல்வெட்டு 46 நகரங்கள் என்கிறது. லாகீசைப் பிடித்தவன் இன்னதென்று நம் திருமறை விவரிக்கவில்லை. அந்நகருக்கு அருகே வாழ்ந்த மீகா மட்டுமே அதன் பெயரைச் சொல்லிப் புலம்புகிறான் (1:13). எருசலேமில் எழுதியவருக்கு ஒரு வரி போதுமானதாயிருந்தது. அவ்வரிக்குள் இருந்தவர்களோ இந்த வண்டிகளில் போயினர்.

இவ்வாண்டு அப்பகுதியை நடத்துகையில் சிற்பத்தின் படத்தை வகுப்பில் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தேன். கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் நெடுநேரம் அதை வைத்திருந்துவிட்டு, "ஐயா, லாகீசில் இருந்தவர்களும் ஜெபித்திருப்பார்களே?" என்று கேட்டார். மணியடித்தது. அடுத்த வகுப்பிலும் நாங்கள் பத்தொன்பதாம் அதிகாரத்துக்குள் நுழையவில்லை.