புது பிரேக்குக்குப் பத்து மிதி போதுமா?

பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்றியதும் தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய் வந்து, "கொஞ்சம் ஓடினால் செட் ஆகிடும் சார்" என்று மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிடுகிறார். கார் ஆர்வலர்களிடம் வேறொரு வழக்கம் இருக்கிறது. காலியான சாலைக்குப் போய், 100 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு இறங்கும்வரை அழுத்தி மிதித்து, உடனே மறுபடி வேகமெடுத்துப் பத்து முறை இதையே செய்கிறார்கள்.

இந்த வழக்கத்தின் நோக்கத்தில் தவறே இல்லை. புதுப் பேடும் டிஸ்க்கும் முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. மேடான இடங்கள்தான் முதலில் உரசுகின்றன. பழகப் பழக அவை தேய்ந்து பொருந்தும், பேடின் பொருளும் டிஸ்க்கின்மேல் மெல்லிய படலமாகப் படியும். பேடில் உள்ள பிசின் முதன்முறை நன்றாகச் சூடேறும்போது வாயுவாக வெளியேறும். அது கொடைக்கானல் இறக்கத்தில் நேர்ந்தால் மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிடுவது இந்த முறையின் உண்மையான பலம்.

ஆனால் அந்தப் பத்து மிதியும் பந்தயப் பாணிப் பழக்கம். 100இலிருந்து நிறுத்தும்போது பிரேக் வாங்கும் ஆற்றல், 50இலிருந்து நிறுத்துவதைப்போல் நான்கு மடங்கு. ஆறவிடாமல் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றும்போது சிறிய ஹேட்ச்பேக்கின் டிஸ்க் எவ்வளவு சூடானது என்பது ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சூட்டோடு சிக்னலில் மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டீயரிங் உதறும். ஒர்க்‌ஷாப்பில் "டிஸ்க் பெண்டு" என்பார்கள். பெரும்பாலும் வளைவு ஏதும் இருக்காது, படலத்தின் மேடுபள்ளம்தான். பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் இதை அழுத்தமாக எழுதியவர்.

அமெரிக்காவின் பிரேக் பாதுகாப்பு விதி எஃப்எம்விஎஸ்எஸ் 135 என்ன செய்கிறது? சோதனைக்கு முன் 80 கி.மீ. வேகத்திலிருந்து 200 முறை மிதமாக நிறுத்தச் சொல்கிறது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே பிரேக் 100 டிகிரி செல்சியஸுக்கு ஆற வேண்டும், அல்லது 2 கி.மீ. ஓட வேண்டும். பல கார்களின் கையேடுகளும் முதல் 200, 300 கி.மீ. வரை கடும் பிரேக்கைத் தவிர்க்கவே சொல்கின்றன. அன்றாடக் காருக்கு இந்தப் பொறுமைதான் சரி என்பது என் முடிவு. காலியான சாலை என்பதும் அரிது: விடியற்காலை ஈசிஆரில்கூட மீன்கூடை கட்டிய டூவீலர் பின்னால் வரும். காரணமில்லாமல் நாம் அழுத்தி மிதிப்போம் என்று அதை ஓட்டுபவர் எதிர்பார்க்கமாட்டார்.

இந்த விவாதத்தில் மறந்துபோவது மிதிக்கும் முன் நடக்க வேண்டிய வேலை. ஹப்பில் துரு இருந்தால் புது டிஸ்க் கோணலாக உட்காரும். அதன்மேல் பூசிய துருத்தடுப்பு எண்ணெயைக் கழுவாவிட்டால் பேட் அதைக் குடித்துவிடும். காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்காமல் வண்டியை நகர்த்தினால், முதல் மிதி தரைவரை போகும்.

அதனால் அடுத்த முறை பேட் மாற்றும்போது பக்கத்தில் நின்று, ஹப்பைத் துடைத்தாரா, டிஸ்க்கைக் கழுவினாரா என்று பாருங்கள். பேட் பெட்டிக்குள் தனி வழிமுறை இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லையென்றால் முதல் 300 கி.மீ. முன்வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, மிதமாக மிதித்து ஓட்டுங்கள். மலைப்பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.