ஒட்டியது தெரியாத ஒட்டு

அமெரிக்காவின் பெரிய குவில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) கண்காட்சிகளில் பார்வையாளர்கள் துணியைத் தொடக் கூடாது. பின்பக்கத் தையலைப் பார்க்க ஆசைப்பட்டால், வெள்ளைக் கையுறை மாட்டிய தன்னார்வலர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து குவில்ட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டுவார். விஷயம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் தையலோடு இன்னொன்றையும் கவனிப்பார்கள்: தூக்கும்போது துணி எப்படி மடிகிறது? அப்ளிக் பூ இருக்கும் இடமும் அடித்துணியோடு சேர்ந்து சரிந்து விழுந்தால் முகத்தில் ஒரு திருப்தி. அந்த இடம் மட்டும் கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி விறைத்து நின்றால், தைத்தவர் பசையில் கோட்டை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு துணியைப் பூவாகவோ பறவையாகவோ வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பதுதான் அப்ளிக். அதில் உயிரை வாங்கும் வேலை ஓரத்தை மடிப்பது. 1840களிலும் 50களிலும் பால்டிமோர் நகரத்துப் பெண்கள் தைத்த ஆல்பம் குவில்ட்டுகளில் இதழ் இதழாக, இலை இலையாக, ஊசிமுனையால் ஓரத்தை உள்ளே தள்ளித் தள்ளி, கண்ணுக்குப் படாத சிறு தையல்களால் பதித்திருப்பார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் பைபிள் கதைகளை அப்ளிக்கில் சொல்லும் குவில்ட் ஒன்றைத் தைத்து, 1886இல் அங்குள்ள ஏதென்ஸ் நகரின் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். பிற்பாடு கஷ்ட காலத்தில் வெறும் 5 டாலருக்கு அதை விற்க நேர்ந்தது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

மடிக்காமல் வெட்டியபடியே வைத்தால் ஓரம் பிசிர்விடும். அந்தப் பிசிரை அடக்க வந்ததுதான் ஃபியூசிபிள் வெப் என்னும் சூட்டுப்பசைப் படலம். பாலியமைடு போன்ற, சூட்டில் இளகும் பொருளால் ஆனது. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் உருகி, மேல்துணி கீழ்த்துணி இரண்டின் நூல்களுக்குள்ளும் இறங்கி, ஆறியதும் இறுகிக்கொள்ளும். நம்மூர் தையற்காரர்கள் சட்டைக் காலருக்குள் வைக்கும் ஃபியூசிங் கேன்வாஸுக்கும் இதே சூத்திரம்தான். ஆனால் காலருக்கு விறைப்பு வேண்டும். குவில்ட்டுக்கு ஆகவே ஆகாது. எதை வாங்குவது என்ற குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

கடைக்குப் போகும் புதியவரின் கை பெரும்பாலும் ‘பலமான பிடி’ என்று எழுதிய பாக்கெட்டுக்குத்தான் போகும். ஹீட் என் பாண்ட் பிராண்டில் அல்ட்ராஹோல்டு அப்படிப்பட்டது. தையலே தேவைப்படாத பிடி. பைக்கு ஒட்டுப்போடவோ பள்ளி நாடக வேஷத்துக்கோ பிரமாதமாக உதவும். அதன் மேல் தைக்கப் போனால் ஊசியில் பசை அப்பி நூல் அறும். தைப்பதற்கென்றே உள்ளது அதே பிராண்டின் லைட். இதற்கு ஆவி கூடாது, மிதமான சூடு போதும். துணியின் பின்னால் ஒட்ட 2 விநாடி அழுத்தினாலே பிடித்துவிடும். கூடுதலாக அழுத்தினால் கூடுதலாக ஒட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: பசை துணிக்குள் ஊறிப்போய், நடுவில் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

பெல்லான் வொண்டர் அண்டர் வேறு ஜாதி. அதற்கு ஈரத்துணியும் ஆவியும் வேண்டும். ஸ்டீம் அ சீம் 2 இரு பக்கமும் லேசாகப் பிசுபிசுக்கும். இஸ்திரி போடும்வரை துண்டுகளை எடுத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். பூத்துணித் துண்டுகளை அடுக்கி ஆமையும் யானையும் செய்யும் கொலாஜ்காரர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. மனம் நிறைந்த பிறகு ஆவியோடு 10 முதல் 15 விநாடி அழுத்தினால் நிலைத்துவிடும்.

மென்மையில் மட்டும் பார்த்தால் முதலிடம் மிஸ்டிஃபியூஸுக்கு. கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆர்கன்சா, டியூல் போன்ற ஊடுருவித் தெரியும் துணிக்குக்கூடத் தாங்கும். கறுப்பு நிறத்திலும் வருவதால் இருண்ட துணியில் பசை வெளுத்துத் தெரியும் தொல்லை இல்லை. குறை ஒன்றுதான்: முதுகில் தாள் கிடையாது. படம் வரைய வேறு தாள் தேட வேண்டும், இஸ்திரிப் பெட்டியில் ஒட்டாமலிருக்க பேக்கிங் பார்ச்மென்ட் தாளைப் போட வேண்டும். தாளோடு வரும் வகைகளில் அந்தத் தாளிலேயே வரைந்துவிடலாம். ஆனால் அது துணியின் பின்பக்கம் என்பதால் படம் இடவலம் மாறும். ரோஜாவுக்குப் பரவாயில்லை; குழந்தையின் பெயரை ஒட்டுபவர்கள் எழுத்துகளைத் திருப்பி வரையாவிட்டால் அழ வேண்டியதுதான்.

எந்தப் பசையானாலும் இலகுவாக்க ஒரு வித்தை உண்டு. வரைந்த கோட்டுக்கு உட்புறம் கால் அங்குலம் விட்டு, நடுவிலிருக்கும் பசைத்தாளைக் கத்தரியால் எடுத்துவிடுவது. கோட்டுக்கு வெளியேயும் சற்று இடம் விட்டு, வளையமாக இருக்கும் அந்தத் தாளைத் துணியின் பின்னால் ஒட்டி, பிறகு தாளும் துணியுமாகச் சேர்த்துக் கோட்டின் மேல் வெட்ட வேண்டும். பசை ஓரத்தின் நுனி வரை நிற்கும், பிசிர் வராது, இதழின் வயிறு வெறும் துணியாகவே இருக்கும். இதழ்மேல் இதழ், அதன்மேல் மகரந்தம் என்று மூன்றடுக்கு வரும் இடத்தில் இந்த வேலையின் அருமை புரியும். தாள் உரியாமல் அடம்பிடித்தால் நகத்தால் ஓரத்தைச் சுரண்டாதீர்கள், பிசிர்விடும். குண்டூசியால் தாளின் நடுவே ஒரு கீறல் போட்டு அங்கிருந்து உரித்தால் வந்துவிடும்.

மடித்துத் தைக்காமல் பசையால் ஒட்டுவதா என்ற கூச்சத்தை விரட்டியதில் ‘சிகாகோ ஃபியூசிங் பள்ளி’ என்று விளையாட்டாகப் பெயர் சூட்டிக்கொண்ட கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் ஒருவரான லாரா வாசிலோவ்ஸ்கி, தானே சாயமிட்ட பளிச்சென்ற துணிகளை மடிக்காமல் வெட்டி ஒட்டி, நாற்காலியும் வீடும் இலையுமாகக் கும்மாளம் போடுவார். பார்க்கப் பார்க்க உற்சாகம். ஆனால் அவை சுவரில் தொங்குபவை. கட்டிலில் கிடந்து, வாரம் ஒருமுறை வாஷிங் மெஷினுக்குப் போகும் போர்வைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

1987இல் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டுக்கு, இறந்தவர்களின் உறவினரும் நண்பர்களும் 3 அடிக்கு 6 அடி அளவில் துணித் துண்டுகள் தைத்து அனுப்பினார்கள். அவர்களுக்குத் தந்த வழிகாட்டுதல், எழுத்துகளையும் நினைவுப் பொருள்களையும் தைத்தே இணைக்கச் சொன்னது. பசை நாளடைவில் கைவிடும் என்பதே காரணம். சூட்டுப்பசையையும் அப்படித்தான் நடத்த வேண்டும். அது பிடித்துக்கொள்ளட்டும், நிலைநிறுத்துவது ஓரத்தில் ஓடும் பிளாங்கெட் தையலோ நெருக்கமான சாட்டின் தையலோதான். 70ஆம் எண் மைக்ரோடெக்ஸ் போன்ற மெல்லிய கூர் ஊசி பசைக்குள் சிக்காமல் போய்வரும்.

துணியை முன்பே துவைத்துவிடுங்கள், ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் போடாதீர்கள். அந்தப் பூச்சின் மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. மொத்தமாக வாங்கும் முன் சிறிய பாக்கெட் ஒன்றை வாங்கி, மிச்சத்துணியில் ஒட்டி, துவைத்து, மடித்துப் பாருங்கள். சூடும் விநாடியும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாமல், அந்தந்தப் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.