ஷட்டரை எப்போது இறக்குவது? ஒரு பழைய லினக்ஸ் கட்டுரையை மறுபடி வாசித்தபோது

2007-ல் ஒட்டாவா லினக்ஸ் சிம்போசியத்தில் வெங்கடேஷ் பள்ளிபாடி, ஷாவ்ஹுவா லி, ஆடம் பெலே மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேர் ‘சிபியு-ஐடில்: டூ நத்திங், எஃபிஷியன்ட்லி’. சும்மா இரு, ஆனா ஒழுங்கா சும்மா இரு என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருத்தணி மலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனாலேயே முதல் வாசிப்பில் அந்தத் தலைப்பு மனசில் ஒட்டிக்கொண்டது.

அது பத்து வருஷத்துக்கு முன்னால். போன மாதம் மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை பாதிதான் பிடித்தது. அதற்குக் காரணம் இங்கே கே.ஜி.கண்டிகையில் ஒரு மளிகைக் கடை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் ப்ராசஸருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. பக்கத்தைத் திரையில் வரைந்து முடித்தாயிற்று, அடுத்து நீங்கள் விரலை நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டியதுதான். டாஸ் காலத்தில் இந்தக் காத்திருப்பே ஒரு ஓட்டமாக இருந்தது. ‘கீ அழுத்தினார்களா? இல்லை. அழுத்தினார்களா? இல்லை’ என்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த இன்டரப்ட் வரும்வரை நில் என்று சொல்லும் ஹால்ட் கட்டளை 8086-லிருந்தே உண்டு. அப்படியும் விண்டோஸ் 95 அதைப் பயன்படுத்தவில்லை. அதற்கென்றே ஆட்கள் எழுதிய குட்டி புரோகிராம்களை டவுன்லோடு பண்ணிப் போட்டு ப்ராசஸர் சூட்டைக் குறைத்தவர்கள் என் வயசுக்காரர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

பிறகு வந்த ப்ராசஸர்களில் சும்மா இருப்பதற்கே பல படிகள் வந்துவிட்டன. சி1 என்றால் கடிகாரத் துடிப்பை நிறுத்துவது. சி6 என்றால் கோரின் நிலையை ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தையே ஏறக்குறைய வெட்டிவிடுவது. ஆழமாகப் போகப்போக மிச்சம் அதிகம், திரும்பி வர நேரமும் அதிகம். இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறைக்கு லினக்ஸ் கெர்னலில் எழுதிவைத்திருக்கும் அட்டவணையைப் பாருங்கள். சி1-லிருந்து எழ 2 மைக்ரோசெகண்ட். சி6-லிருந்து எழ 85, குறைந்தது 200 மைக்ரோசெகண்டாவது அங்கே தங்கினால்தான் லாபம். சி10-லிருந்து எழ 890. அங்கே தங்கவேண்டிய குறைந்தபட்ச நேரம் 5000, அதாவது 5 மில்லிசெகண்ட்.

கடைக்காரர் கணக்குதான் இது. எதிரே டீ குடிக்கப் போனால் வாசலில் குறுக்கே ஒரு கம்பை வைத்துவிட்டுப் போவார். சாப்பிடப் போனால் பாதி ஷட்டர். ராத்திரிக்கு முழு ஷட்டர், ரெண்டு பூட்டு. டீக்குப் போகும்போது முழு ஷட்டரை இறக்கி ஏற்றினால் கைவலிதான் மிச்சம். போகும்போதே எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புவோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ப்ராசஸருக்கு அது தெரியாது, ஊகிக்கத்தான் முடியும்.

இந்த ஊகத்துக்கு ஒரு தனி இடம் கொடுத்ததுதான் 2007 கட்டுரையின் சாதனை, இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு முன்னால் எப்படித் தூங்குவது என்பதும் எவ்வளவு ஆழம் தூங்குவது என்பதும் ஒரே கோடில் பின்னிக்கிடந்தன. இவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். இந்தச் சில்லில் என்னென்ன படிகள் உண்டு என்று சொல்வது டிரைவர். எந்தப் படிக்குப் போகலாம் என்று முடிவு செய்வது கவர்னர். கவர்னரில் இரண்டு வகை. ‘லேடர்’ ஏணி மாதிரி: முதலில் கம்பு, கொஞ்ச நேரம் யாரும் வரவில்லையா, சரி, அடுத்த தடவை பாதி ஷட்டர். ‘மெனு’ அப்படி இல்லை, அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்று பார்த்துவிட்டு நேராக ஆழமான படிக்கே போகும். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் இந்த அமைப்பு சேர்ந்தது. இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இதே எலும்புக்கூடுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் தாங்கும் பிரிவினையை எழுதுவது லேசு இல்லை. வேலையில் நான் போட்ட எந்த டிசைனும் மூன்று வருஷம் தாண்டியதில்லை.

இனி குறைகள்.

முதல் குறை சின்னது. டிரைவர் சொல்லும் எண்களை கவர்னர் அப்படியே நம்புகிறது. அந்த எண்கள் அப்போது பயாஸ் கொடுக்கும் ஏ.சி.பி.ஐ அட்டவணையிலிருந்து வந்தன, பல மதர்போர்டுகளில் அது தப்பும் தவறுமாக இருக்கும். 2010-ல் 2.6.35 கெர்னலில் வந்த இன்டெல்-ஐடில் டிரைவர் பயாஸை ஒதுக்கிவிட்டு எண்களைத் தானே வைத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று சொல்ல ‘பவர்’ என்றே ஒரு ஃபைல் உண்டு. என் லேப்டாப்பில் எல்லாப் படிக்கும் 0 என்றிருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த அமைப்பு மின்சாரத்தைப் பார்க்காமலேயே, நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறது.

இரண்டாவது ஊகத்தின் தரம். டைமர் எப்போது அடிக்கும் என்று கெர்னலுக்குத் தெரியும். நெட்வொர்க் பாக்கெட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? 2009-ல் ஆர்யன் வான் டி வென் மெனுவைத் திருத்தி எழுதினார். கடைசி எட்டு தூக்கங்களின் நீளத்தைப் பார்த்து, அவை ஒரே மாதிரி இருந்தால் அதையே அடுத்ததற்கும் எடுத்துக்கொள்ளும் வழி வந்தது. ஆனாலும் ஒரு வரிசைத் தப்பு ரொம்ப நாள் இருந்தது. முதலில் கடிகார டிக்கை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் எவ்வளவு ஆழம் போவது என்று கவர்னரைக் கேட்பார்கள். ‘சும்மா டீக்குத்தான்’ என்று அது பதில் சொன்னால் டிக்கை நிறுத்திய மெனக்கெடல் வீண். அதைவிட மோசம், ஊகம் தப்பாகிவிட்டால் ஆழமில்லாத படியிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கும், எழுப்பிவிட டிக்கும் இல்லை. ரஃபேல் விசோக்கி 2018-ல் 4.17 கெர்னலில் இந்த வரிசையை மாற்றினார். அடுத்த வருஷமே ‘டி.இ.ஓ’ என்று புது கவர்னர் ஒன்றையும் கொண்டுவந்தார். கட்டுரை வந்து 11 வருஷம் கழித்து! இதற்கு அந்த மூன்று பேரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ‘எஃபிஷியன்ட்லி’ என்று தலைப்பில் போட்டுவிட்டால் பின்னால் வருகிறவன் கணக்குக் கேட்கத்தான் செய்வான்.

மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. அந்தக் கட்டுரை ஒவ்வொரு ப்ராசஸரையும் தனி ஆளாகப் பார்க்கிறது. இந்த ஆளுக்கு வேலை இல்லை, இவர் எவ்வளவு தூங்கலாம்? உண்மையில் தூக்கம் கூட்டு வேலை. நாலு கோர் உள்ள சில்லில் பொதுவான கேஷ், மெமரி கண்ட்ரோலர் எல்லாம் ஓய வேண்டும் என்றால் நாலு கோரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டும். மூன்று பேர் படுத்து ஒருத்தர் முழித்திருந்தால் கூடத்து லைட்டை அணைக்க முடியாதில்லையா? கோர்கள் சேர்ந்தே இறங்க வேண்டிய ஏ.ஆர்.எம் சில்லுகளுக்காக 2012-ல் ‘கப்பிள்டு’ என்ற ஒட்டு ஒன்றைத் தனியாகப் போட வேண்டிவந்தது.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் நமக்குப் பக்கத்தில், பெங்களூரு ஐ.பி.எம். லினக்ஸ் டெக்னாலஜி சென்டரில் நடந்தது. பவர்8 ப்ராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் அந்தக் கோரின் சொந்த டைமரும் நின்றுவிடும். அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறோம், நாம் படுத்ததும் அலாரமும் படுத்துவிடுகிறது. இன்டெலில் இந்த மாதிரி நேரத்துக்கு வெளியே தனியாக ஒரு டைமர் சில்லு இருக்கும். பவர்8-ல் அது இல்லை. பிரீத்தி யு. மூர்த்தி எழுதி 2014-ல் 3.15 கெர்னலில் சேர்ந்த தீர்வு எளிமையானது: ஒரு கோர் மட்டும் ஆழமாகத் தூங்காமல் முழித்திருந்து மற்றவர்களை நேரத்துக்கு எழுப்பிவிடும். அந்தக் காவல் ஒரே ஆள் தலையில் நிரந்தரமாக விழாது, யார் முதலில் எழ வேண்டுமோ அவரிடம் மாறிக்கொண்டே போகும். கிராமத்துத் திருவிழாவில் பந்தலுக்குக் காவல் படுக்கும் முறை மாதிரியே இருக்கிறது. ஊர் தூங்க ஒருத்தர் முழித்திருக்க வேண்டும் என்பதை 2007 கட்டுரையின் சட்டகத்தில் சொல்ல இடமே இல்லை.

கூட்டு என்று ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. எழுப்புகிறது யார்? கவர்னர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஊகித்தாலும், கடைக்கு நிமிஷத்துக்கு ஒருத்தர் வந்து ‘பால் வந்துடுச்சாண்ணே?’ என்று கேட்டுவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கவே முடியாது. அதே 2007-ல்தான் டிக் இல்லாத கெர்னலும் வந்தது, யார் எத்தனை தடவை எழுப்புகிறார்கள் என்று பட்டியல் போடும் பவர்டாப் என்ற கருவியையும் இன்டெல் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் தங்கள் பேரைப் பார்த்து வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்ட புரோகிராம்கள் ஏராளம். சும்மா இருப்பதைப் பற்றி அந்த வருஷம் வந்தவற்றில் அதிகம் சாதித்தது எது என்று கேட்டால், என் ஓட்டு கட்டுரைக்கு இல்லை, பவர்டாப்புக்கு.

இப்போது மளிகைக் கடை. 2011 செப்டம்பர் 15 அன்று நம்ம திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் கடைக்காரர் மகளுக்குக் கிடைத்த லேப்டாப் இப்போது கல்லாவில் இருக்கிறது. பேட்டரி செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. கரண்ட் போனால் கடை ஃபேனும் லேப்டாப்பும் ஒரே இன்வர்ட்டரில். தமிழ்நாட்டு வெயில் பட்டியலில் திருத்தணி பேர் எந்த இடத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும், அங்கே ஃபேன் முக்கியம். அதில் ஓடும் பில்லிங் புரோகிராம் நான் எழுதிக்கொடுத்தது. ‘முன்ன மாதிரி தாங்க மாட்டேங்குது சார்’ என்று அவர் சொன்னபோது இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கட்டுரையை மறுபடி வாசித்த சூட்டில் ஒருநாள் அங்கே பவர்டாப்பை ஓட்டினேன். பட்டியலில் முதல் பேர் என் புரோகிராம். தராசு, பிரிண்டர், பார்கோடு, பேக்கப் என்று நாலு லூப், நாலும் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘ஏதாவது வந்ததா?’ என்று கேட்கும். ஒன்றை எழுதி மூன்று தடவை காப்பி அடித்திருக்கிறேன். ஒன்றுக்கு விநாடிக்கு நூறு, ஆக 400 தடவை எழுப்புகிறேன். சராசரி இடைவெளி 2.5 மில்லிசெகண்ட். ஸ்கைலேக்கின் சி10 கேட்பதோ 5. அந்தப் பழைய லேப்டாப்பில் சி10 கிடையாது என்றாலும் கணக்கின் போக்கு அதேதான். நாலும் வெவ்வேறு கோரில் முன்பின்னாக எழுந்தால் எல்லாரும் சேர்ந்து படுக்கும் நேரம் எங்கே கிடைக்கும்? எந்த கவர்னர் வந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

திருத்தம் ஒரு மத்தியானம் எடுத்தது. அந்தத் தராசு எடை நின்றதும் தானே எண்ணை அனுப்பும் மாடல். அது வரும்வரை கெர்னலே என் புரோகிராமைத் தூங்கவைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பார்கோடுக்கும் பிரிண்டருக்கும் அதே வைத்தியம். இதற்கான சிஸ்டம் கால் ஒன்றுக்குப் பேரே ‘போல்’. போலிங் பண்ணாமல் இருப்பதற்கு அந்தப் பேர், யூனிக்ஸ்காரர்கள் நக்கல். பேக்கப் லூப்பை நிமிஷத்துக்கு ஒன்றாக்கினேன், அதற்கு எதற்கு நூறு தடவை என்று இப்போதும் புரியவில்லை. லேப்டாப் ஃபேன் சத்தம் அடங்கியது.

கடைக்காரர் ஒரு கிலோ துவரம்பருப்பை வைத்து எடுத்து இரண்டு தடவை சரிபார்த்தார். ‘என்ன சார் மாத்துனீங்க, எல்லாம் அப்படியேதானே இருக்கு?’ என்றார். ஆமாங்க, அப்படியேதான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.