எடு, எடுக்காதே: குலசை தசராவில் வாக்கி டாக்கி

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஒருமுறை போனவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கவே வேண்டாம். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடியேற்றத்தில் தொடங்கி, பத்தாம் நாள் நள்ளிரவு கடற்கரையில் சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னால் நடக்கும் சூரசம்ஹாரம் வரை, ஊர் ஊராகத் தசரா குழுக்கள் வந்துகொண்டே இருக்கும். காளி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று ஆளுக்கொரு வேஷம். சம்ஹாரத்தன்று கூட்டம் லட்சக்கணக்கில். ஒரு குழுவின் தப்பட்டை ஓய்வதற்குள் அடுத்த குழுவின் செண்டை வந்துவிடும். செல்போனில் லைன் கிடைக்காது, கிடைத்தாலும் பேச்சு கேட்காது.

அதனால் எங்கள் ஊர்க் குழு சில வருஷங்களுக்கு முன்னால் நாலு வாக்கி டாக்கி வாங்கியது. லைசென்ஸ் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வகை. சாஃப்ட்வேர்காரன் என்ற ஒரே தகுதியில் ஒன்று என் கைக்கு வந்தது.

முதல் வருஷமே மாட்டிக்கொண்டேன். நின்றிருந்த எங்கள் வேனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு பையன்கள் சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும், தள்ளி நின்ற நான் பட்டனை அழுத்தி, "அண்ணாச்சி, வண்டிய எடுக்காதிய" என்று கத்தினேன். அதே நேரம் பக்கத்தில் மேளம் கிளம்பியது. பதற்றத்தில் வாய் முடிக்கும் முன்பே கட்டைவிரல் பட்டனை விட்டுவிட்டது. வேன் பின்னால் நகர்ந்தது. யாரோ வேனின் பாடியில் ஓங்கித் தட்டினார்கள், நின்றது. பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்கதான தம்பி சொன்னிய? 'வண்டிய எடு'ன்னுதான் கேட்டுச்சு" என்றார் அண்ணாச்சி. அவர் மேல் தப்பில்லை. நான் அனுப்பியதே அதுதான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்துவருகிறேன். வாக்கி டாக்கியோடு வரும் கையேடு, பாதுகாப்புப் பயிற்சிகளில் கொடுக்கும் ஒரு பக்கத் தாள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அறிவுரைதான். பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசு, கத்தாதே, சுருக்கமாகப் பேசு, முடிந்ததும் 'ஓவர்' சொல், எழுத்துகளுக்கு ஆல்ஃபா பிராவோ பயன்படுத்து. எதுவும் தப்பில்லை. ஆனால் எல்லாமே ஆங்கிலம் பேசும் வாய்க்காக எழுதப்பட்டவை. நாம் அதை மொழிபெயர்த்தோம், தமிழுக்காக யோசிக்கவில்லை. என் விமர்சனம் இதுதான்.

முதலில் சரியானவற்றைச் சொல்லிவிடுகிறேன். கத்தாதே என்பது முழுக்க உண்மை. இரைச்சலில் நம்மை அறியாமலே குரல் உயரும் என்பதை 1911லேயே எத்தியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் பதிவு செய்தார். கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும், சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யொலி பின்தங்கிவிடும். அதைவிட மைக்கை நெருங்குவது மேல். வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்கை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 12 டெசிபல் ஏறும், மேளம் அதே அளவில்தான் இருக்கும். மூச்சு நேராக அடிக்காமல் வாயோரத்தில் பிடித்து, மேளத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும்.

ஆல்ஃபா பிராவோவும் நமக்கு உதவும். 1956ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த பட்டியல் அது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுகிறவர்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் வண்டி நம்பரின் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி' தான். 'பிராவோ' என்றும் 'பாப்பா' என்றும் சொன்னால் குழப்பமில்லை.

தாள் கைவிடும் இடம் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் 'டோன்ட்' முன்னால் வரும். தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில் வரும். குரல் இறங்குவதும், விரல் பட்டனை விடுவதும் அதே கடைசியில்தான். 'எடுக்காதே'யின் வாலை வெட்டினால் 'எடு'. 'நிறுத்தாதே'யை வெட்டினால் 'நிறுத்து'. தமிழில் பாதியில் அறுந்த தடை வெறும் அரைகுறைச் சொல்லாக நிற்காது, நேர் எதிரான கட்டளையாகிவிடும். 'ஒரு நொடி கழித்துப் பேசு' என்று சொல்லும் தாள், 'பேசி முடித்து ஒரு நொடி கழித்துப் பட்டனை விடு' என்பதை இதே அழுத்தத்தோடு சொல்லவேண்டும்.

எண்களும் அப்படித்தான். பேச்சில் ஒம்பது, அம்பது. முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். பட்டனை அழுத்திய அவசரத்தில் அந்த முதல் எழுத்து போய்விட்டால் மிஞ்சுவது 'ம்பது'. ஒன்பது பேர் காணோமா, ஐம்பது பேரா? 'அஞ்சு, சைபர்' என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதுதான் வழி.

செய்தி பாதியில் அறுவது உலகத்துக்குப் புதிதில்லை. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கோபுரத்திலிருந்து 'ஓகே' என்ற சொல் கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது. தொடர்ந்து வந்த 'காத்திருங்கள்' என்பதும், அதே நொடியில் பேசிய இன்னொரு விமானத்தின் குரலும் ஒன்றோடொன்று மோதி வெறும் கீச்சொலியாகிவிட்டன. விபத்துக்குக் காரணங்கள் பல, இது அதில் ஒன்று. அதற்குப் பிறகுதான் அனுமதி கொடுக்கும்போது தவிர வேறு எங்கேயும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பதும், முக்கிய உத்தரவுகளை அப்படியே திருப்பிச் சொல்வதும் கண்டிப்பான நடைமுறையாயின.

நாம் திருப்பிச் சொல்வதில்லை, 'சரி சரி' என்கிறோம். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, புரிந்தது என்பதற்கும் சரி, செய்கிறேன் என்பதற்கும் சரி. அண்ணாச்சி அன்று 'சரி'க்குப் பதிலாக 'வண்டிய எடுக்கேன்' என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

1951ல் ஜார்ஜ் மில்லரும் இரண்டு சகாக்களும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வரக்கூடிய சொற்கள் எவ்வளவு குறைவு என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிகிறதோ, அவ்வளவு கூடுதல் இரைச்சலிலும் அவர் சரியாகப் பிடித்துவிடுகிறார். காது அதேதான், காத்திருக்கும் பட்டியல்தான் சின்னது.

அதனால் இப்போது எங்கள் குழுவில் பத்து சொல் மட்டும் வைத்திருக்கிறோம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, செட்டில் மேளப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துப் பேசிப் பழகுவோம். வானொலியில் 'ஆதே' என்று முடியும் சொல்லுக்கே தடை. வண்டியை எடுக்கக் கூடாது என்றால் 'நில்லு' என்று தொடங்கவேண்டும். 'நில்லு, நில்லு. அண்ணாச்சி, வண்டி நிக்கட்டும்.' எந்த இடத்தில் அறுந்தாலும் இது 'எடு' ஆகாது. இதே குலசையில் 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் கவுண்ட்டவுனிலும் நிறுத்தச் சொல்ல 'ஹோல்டு' என்ற ஒற்றைச் சொல்தான், 'ஏவாதே' கிடையாது.

பெரியவர்களிடம் 'நில்லு' என்று மரியாதையில்லாமல் சொல்வதா என்று குழுவில் ஒரு சண்டை வந்தது. அண்ணாச்சிதான் தீர்த்துவைத்தார்: "மரியாதைய இறங்குன பிறகு குடுங்க தம்பி."

போலீஸ் மைக்கிலோ விசைப்படகு செட்டிலோ பேசிப் பழகியவர்கள் இதைப் படித்தால், நிறுத்தச் சொல்ல நீங்கள் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் பட்டியலில் இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது.