மரமும் மெழுகும்

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில், மரச் சிற்பம் செய்கிறார்கள். ஒரே கட்டையில் குடைந்தெடுத்த சிலை என்பதே அந்த வேலைக்குப் பெருமை. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. அந்த வீணைக்குரிய பலாமரம் பண்ருட்டிச் சரக்கு. பண்ருட்டியிலிருந்து தஞ்சைக்குப் போகும் நெடுஞ்சாலையோ, அடுத்த மாவட்டமான அரியலூரின் மீன்சுருட்டியைத் தாண்டித்தான் போகிறது. சிலையும் மரம், வீணையும் மரம், இரண்டும் கைவேலை. ஆகவே இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து மதிப்புப் போடுகிறோம். பிசகு அங்கேதான் ஆரம்பமாகிறது.

சிலை தன் பாரத்தைத் தாங்கினால் போதும். வீணையை ஏழு தந்திகள் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. குதிரை, குடத்தின் மேற்பலகையை அமுக்குகிறது. தந்திகளின் இழுப்பு தண்டியை வளைக்கப் பார்க்கிறது. ஈரம் காயாத பலாவில் செய்த வீணை, நாளாக நாளாகச் சுருங்கி வெடிக்கும். பலகை மெலிந்திருந்தால் உள்வாங்கும். தண்டி கொஞ்சம் வளைந்தாலும் தந்தி மெட்டில் உரசி இரையும். குடமும் தண்டியும் சேரும் மூட்டு தளர்ந்துவிட்டால் சுருதி நிற்காது.

ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு அந்த மூட்டே இல்லை. அதனால் மதிப்பு அதிகம். நியாயந்தான். ஆனால், காயாத மரம் ஒரே மரமாக இருந்து என்ன பயன்? நன்றாகக் காய்ந்த மரத்தில், வாய் பொருந்தச் சேர்த்த ஒட்டு வீணை அதைவிட நெடுநாள் உழைக்கும். மூட்டு இருப்பது குற்றமில்லை. பொருந்தாத மூட்டைச் சித்திரப் பட்டை ஒட்டி மறைப்பதுதான் குற்றம்.

வீணையில் நான் வியக்கும் இடம் மெழுகு. இருபத்துநான்கு மெட்டுகளும் கரி கலந்த மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் அது இளகும், மெட்டு நகரும், சுரம் பிசகும். இதைப் பெரிய குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மறுபடி நிறுத்தலாம். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். மரத்துக்குச் சேதமில்லை. தன் வேலை கெடும் என்று தெரிந்த தச்சன், கெடும் இடத்தைக் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறான். இதைவிட நேர்மை என்ன வேண்டும்?

பாட்டியின் வீணை அபசுரம் பேசினால், ஆயுள் முடிந்ததென்று கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிற வீடுகள் பல. போனது வெறும் மெழுகாக இருக்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டியை நீளவாக்கில் பாருங்கள். மூட்டைத் தடவிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், மேளம் கட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். பேத்தி வாசிக்கட்டும்.