கையும் கருத்தும்
சமூகக் கல்விச் செயல்திட்டங்கள் பற்றி, புக்கிட் ரோத்தான் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நாட்டின் வரலாற்றைப் படிக்கும் மாணவனுக்குத் தன் வீட்டின் வரலாறு தெரியாமற்போவதுண்டு. மலாக்காப் பேரரசு தோன்றிய கதையைப் பிழையின்றி ஒப்புவிக்கும் சிறுவன், தன் பாட்டனார் எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்திற்கு வந்தார் என்று கேட்டால் விழிக்கின்றான். பாடம் ஓரிடத்திலும் வாழ்க்கை வேறோரிடத்திலும் நிற்கும் இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்றாகவே சமூகக் கல்வியிற் செயல்திட்ட முறை போற்றப்படுகின்றது. மாணவன் காலால் நடந்து, காதாற் கேட்டு, கையாற் செய்து கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அது வகுப்பறையில் என்ன வடிவம் எடுத்துள்ளது என்பதே ஆராயத்தக்கது. கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் ரோத்தானும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டப் புறங்களும் அவ்வாய்வுக்கு ஏற்ற உரைகல்லாகும்.

முறையும் அதன் நான்கு படிகளும்

அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறை பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. நோக்கம் கொள்ளுதல், திட்டமிடுதல், செய்து முடித்தல், செய்ததை எடைபோடுதல் என நான்கு படிகளை அவர் வகுத்தார். நான்கிலும் மாணவனே முன்நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தியாவில் 1937இல் காந்தியடிகள் முன்வைத்த வார்தாத் திட்டம், ஜாகிர் உசேன் தலைமையிலான குழுவால் பாடத்திட்டமாக வடிக்கப்பட்டது. நூற்பு முதலிய கைத்தொழிலை நடுவில் வைத்து, அதிலிருந்தே கணக்கும் புவியியலும் வரலாறும் கிளைக்க வேண்டும் என்றது அத்திட்டம்.

மலேசியாவில் 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டத்தின்கீழ் ‘ஆலாம் டான் மனுசியா’ என்ற பாடமும், பின்னர் 1990களில் ‘காஜியான் தெம்பாத்தான்’ என்ற பாடமும் வந்தன. முன்னதன் பெயருக்கு இயற்கையும் மனிதனும் என்று பொருள். பின்னதற்கு உள்ளூரை ஆராய்தல் என்று பொருள். 2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப்பாடமாயிற்று. இடைநிலைப்பள்ளியின் கீழ்ப்படிவங்களில், பி.எம்.ஆர். தேர்வு நடந்த காலத்தில், வரலாற்றுக்கும் புவியியலுக்கும் ‘கெர்ஜா குர்சுஸ்’ எனும் செய்பணி சேர்க்கப்பட்டது. ஆக, உள்ளூரை ஆராய்க என்ற கட்டளை ஆசிரியர்க்குப் புதிதன்று. கட்டளை எவ்வாறு நிறைவேறியது என்பதே கேள்வி.

வழக்கமாக நிகழ்வது இது. தலைப்பை ஆசிரியர் தருகின்றார். முன்னுரை, நன்றியுரை, படங்கள், முடிவுரை என்னும் வரிசையை முன்னைய ஆண்டின் திரட்டேடு தருகின்றது. படங்களைக் கடைக்காரரோ கணினியோ தருகின்றது. ஒட்டி அழகுசெய்யும் பணியைத் தாயார் இரவு விழித்து முடிக்கின்றார். புள்ளியை ஆசிரியர் இடுகின்றார். கில்பாட்ரிக் வகுத்த நான்கு படிகளுள் முதலும் ஈறும் மாணவனிடமிருந்து பறிபோயின. இடையிலுள்ள இரண்டும் பிறர் கைக்கு மாறின. எஞ்சியது திரட்டேட்டின் மேலட்டையிலுள்ள மாணவன் பெயர் ஒன்றுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சுரைக்காயின் படத்தை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டினாலும் அது கறிக்கு உதவாது.

மலைமேல் நின்று காணும் பாடம்

புக்கிட் ரோத்தானிலிருந்து சிறு தொலைவில் புக்கிட் மெலாவத்தி நிற்கின்றது. 1784இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை அங்கிருந்த கோட்டைக்குச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் அம்மலைமேல் உள்ளது. இவ்வட்டாரத்து மாணவர்க்குச் செயல்திட்டம் என்றாலே இக்கோட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். அட்டையால் மதிலும் பஞ்சால் மேகமும் செய்து, பீரங்கிக்குக் கறுப்பு வண்ணம் பூசிக் கொண்டுவருவர்.

இம்மாதிரியை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. எழுத்தில் பின்தங்கிய மாணவன் கைத்திறனில் முன்நிற்கும் நாள் அது. அவன் முகத்தில் தோன்றும் பெருமிதம் கல்வியின் பகைவனன்று. ஆனால் மாதிரி செய்து முடித்த மாணவனிடம், ‘டச்சுக்காரர் இவ்வளவு சிறிய மலைக்கு ஏன் ஆசைப்பட்டனர்?’ என்று கேட்டால் விடை வருவதில்லை. மலையுச்சியில் கால்மணி நேரம் நின்றால் விடையின் பாதி கண்ணிற் படும். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் கீழே தெரிகின்றது. அப்பால் மலாக்கா நீரிணை விரிகின்றது. ஆற்றின் வழியே இறங்கும் ஈயத்தையும் நீரிணையிற் செல்லும் கப்பலையும் ஒருங்கே காவல்செய்யும் இடம் அது. டச்சுக்காரர் ஈய வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்க முயன்றவர் என்ற ஒரு செய்தியை மட்டும் ஆசிரியர் சொல்லிவிட்டால், மறுபாதியை மாணவன் தானே இணைத்துக்கொள்வான். அட்டைக் கோட்டை அதன்பின் செய்யப்படுமாயின், பீரங்கியின் வாய் எத்திசை நோக்க வேண்டும் என்று அவன் எண்ணிப் பார்த்து வைப்பான். கைவேலை ஆய்வாக மாறும் இடம் அதுவே.

தோட்டமே நூல்

கோட்டை அரசர் வரலாறு. அதனைச் சுற்றிய தோட்டங்கள் மக்கள் வரலாறு. பாடநூலில் முன்னதற்குப் படம் உண்டு. பின்னதற்குக் கிடைப்பது சில வரிகள். இங்குதான் செயல்திட்டம் பாடநூல் செய்யாததைச் செய்ய வல்லது.

இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்து, 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலேசியச் செம்பனைத் தொழிலின் தொடக்கமாக அது குறிக்கப்பெறுகின்றது. மேற்கு ஆப்பிரிக்க மரம் ஒன்று ரப்பர்க் காட்டை ஏன் விழுங்கிற்று என்ற வினாவை ஆறாம் ஆண்டு மாணவன் ஆராய இயலும். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டொரு நாளேனும் ஆள் சென்று வெட்ட வேண்டும். செம்பனைக் குலையை ஏறத்தாழ இரு வாரத்திற்கொரு முறை அறுத்தால் போதும். ஒரே பரப்புக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைந்தனர். செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலையும் தளர்ந்தது. ஆட்கள் குறைந்தபோது லயங்கள் வெறுமையுற்றன. லயங்கள் வெறுமையுற்றபோது பள்ளியின் வருகைப் பதிவேடும் மெலிந்தது. தன் பள்ளியில் மாணவர் தொகை ஏன் சுருங்கியது என்று கேட்கத் தொடங்கும் சிறுவன், உலகச் சந்தையில் வந்து நிற்கின்றான். இதனினும் சிறந்த பொருளியற் பாடம் யாது?

அத்தோட்டத்தின் பெயர் தமிழாகவே ஒலிக்கின்றது. செம்பனைக்குப் புகழ்பெற்ற மண் தென்னையின் பெயரைத் தாங்குவது ஏன் என்ற வினாவைத் தமிழாசிரியர் வகுப்பில் எழுப்பி, விடையை மாணவரே தேடுமாறு விடலாம். அதே ஃபோகோனியே எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அது தோட்டத்தைத் துரையின் கண்கொண்டு கண்டது. நிறைகளுக்கிடையே குனிந்து நடந்தவரின் கண்ணுக்கு அதே மண் எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, மாணவன் தன் பாட்டியிடம்தான் செல்ல வேண்டும்.

கையின் பழைய வடு

ஆயினும் இவ்விடத்தில் ஒரு தடையைக் கடந்தாக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குக் கைவேலை என்பது விளையாட்டாக வந்ததன்று. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பணித்தது. அப்பள்ளிகள் பலவற்றில் கற்றவர், எழுதவும் எண்ணவும் கற்றபின் மீண்டும் பால்வெட்டுக்கே சென்றனர். ஒட்டுப்பால் பொறுக்கியும் மங்கு துடைத்தும் பெற்றோர்க்குத் துணைநின்ற சிறுவர் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளையிடம் பள்ளி மீண்டும் பால்வெட்டுக் கத்தியை நீட்டுமாயின், ‘இதற்காகவா பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்?’ என்று பெற்றோர் சினப்பது நியாயமே. வார்தாத் திட்டத்தின்மீதும், உழைப்பவன் பிள்ளையை உழைப்பிலேயே நிறுத்திவிடும் என்ற ஐயம் எழுந்தது நினைக்கத்தக்கது.

இத்தடைக்கு விடை கத்தியை ஒளித்துவைப்பதில் இல்லை. மாணவன் அதனை வாரிசாக ஏந்தாமல் ஆய்வாளனாக ஏந்த வேண்டும். விடியுமுன் ஏன் வெட்டினர்? வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் விரைவில் நின்றுவிடும் என்பதை அவன் அறிவியலோடு இணைக்கட்டும். பட்டையை மட்டும் சீவி மரத்தைக் காயப்படுத்தாமல் விடுவது எத்துணைத் தேர்ந்த திறன் என்பதைக் கண்டு வியக்கட்டும். அத்திறனுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, அக்கூலியை முடிவு செய்தவர் யார் என்று கேட்கட்டும். பாட்டனாரின் தொழிலுக்கு அவன் திரும்ப வேண்டுவதில்லை. அத்தொழிலை எண்ணி நாணவும் வேண்டுவதில்லை. அந்த நாணம் நீங்குவதே இச்செயல்திட்டத்தின் பெரும் பயன்.

சொல்லும் சான்றும்

தமிழ் மாணவர்க்குரிய தனிச்செல்வம் ஒன்றுண்டு. பெரட்டு, தீம்பார், நிறை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், கங்காணி, கிராணி, லயம், ஆயாக் கொட்டகை ஆகிய சொற்கள் ஒரு வாழ்க்கை முறையின் எலும்புக்கூடு. இவற்றுட் பல தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பிறந்தவை. ஒவ்வொரு சொல்லையும் முதியவர் வாயிற் கேட்டு, பொருள் எழுதி, எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஆராயும் சொல்திரட்டு, சமூகக் கல்வியையும் தமிழையும் ஒரே வகுப்பில் அமர்த்தும். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னர் இச்சொற்களைக் கேட்க ஆளிராது.

முதியவர் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிவிடுவதும் ஆய்வாகாது. கோயில் நூறாண்டுப் பழமையுடையது என்பார் ஒருவர். கோயிற் கல் வேறோர் ஆண்டைக் காட்டலாம். பள்ளிப் பதிவேடு மூன்றாவதொன்றைச் சொல்லலாம். இம்முரண்பாட்டைக் கண்டு ஆசிரியர் அஞ்சுதல் கூடாது. எதனை நம்புவது, ஏன் நம்புவது என்று மாணவர் வாதிடும் அந்த ஒரு மணி நேரமே வரலாற்றுப் பாடம். ஏனைய நேரமெல்லாம் அதற்கான முன்னேற்பாடு.

சில நினைவுகளை அணுகுவதற்குப் பக்குவம் வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டு, பெருந்தொகையினர் மீளவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரைப் பதிவு செய்துள்ளன. இத்தகைய செய்தியை வீட்டிற் கேட்கச் செல்லும் மாணவன், கேள்வித்தாளை நீட்டிப் புள்ளி தேடுபவனாகச் செல்லலாகாது. சொல்ல விரும்பாதவரை விட்டுவிடும் பண்பையும் பள்ளியே கற்பிக்க வேண்டும்.

மதிப்பிடும் முறை

ஆசிரியரின் இடர்ப்பாடும் மெய்யானதே. பாடத்திட்டம் நீளமானது, வெளியே அழைத்துச் செல்ல இசைவும் பேருந்தும் வேண்டும். தேர்வின் நெருக்குதலே திரட்டேட்டுப் பழக்கத்துக்குக் காரணம் என்றும் கூறப்பட்டது. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி. 3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வு போயினும் திரட்டேடு போகவில்லை. நோய் தேர்வில் மட்டும் இல்லை என்பது இதனாற் புலனாகும்.

மத்தியப் பிரதேசத்தில் 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நூல்களை ஆக்கி, சில அரசுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. நூலை மாற்றியதோடு நில்லாமல், நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வையும் அது கொணர்ந்தது. 2002இல் அம்முயற்சி அரசால் நிறுத்தப்பட்டது. எனினும், எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதனையே வகுப்பறை வளர்க்கும் என்ற பாடத்தை அது விட்டுச்சென்றது. அழகிய அட்டைக்குப் புள்ளி தந்தால் அட்டையே வளரும். நல்ல வினாவுக்குப் புள்ளி தந்தால் வினா வளரும்.

ஆதலின் செயல்திட்டத்தைக் கையில் எடுக்கும் ஆசிரியர் நான்கே கேள்விகளால் அதனை அளக்கலாம். வினா மாணவனுடையதா? இரண்டு வகைச் சான்றுகளேனும் உள்ளனவா? சான்றுகள் மாறுபட்டபோது அவன் என்ன செய்தான்? முடிவை அவன் தன் சொற்களிற் கூறினானா? நான்கு பக்கத் தாள், வண்ணப் படம் ஒன்றும் இன்றி, இவ்வளவையும் தாங்கிவிடும். அதற்குச் செலவு இல்லை; தாயார் இரவு விழிக்கவும் வேண்டுவதில்லை.

புக்கிட் ரோத்தான் வட்டாரத்து முதியோர் இன்னும் சிலர் உளர். பால்வெட்டின் நேரத்தையும் பெரட்டின் ஒலியையும் நேரிற் சொல்லவல்ல தலைமுறை அவர்களோடு முடிகின்றது. அத்தலைமுறைக்கும் நாளைய தலைமுறைக்கும் இடையே ஒரு பென்சிலோடும் ஒரு கேள்வியோடும் நிற்கக்கூடியவன் இன்றைய மாணவன். அவன் கையிலிருக்கும் பசையை வாங்கி வைத்துவிட்டுப் பென்சிலைக் கொடுப்பது ஆசிரியர் கடன்.