சேவலா, விடையா?

முட்டை கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்று அடைவைக்கும்போதே பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் கருக்குழாயில் அமைவது. குஞ்சு எதுவென்பதோ ஓடு சேரும் முன்பே மஞ்சள் கருவில் முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்தக் கணக்கு பலிப்பது பாதிக்குப் பாதிதான். 21-ஆம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் எந்த அடையாளமும் காட்டுவதில்லை.

கோழி வளர்ப்பில் தேர்ந்தவர்களின் கண் முதல் வாரங்களில் வேறொன்றைப் படிக்கிறது: குஞ்சுக்குப் போதிய சூடு கிடைக்கிறதா என்பதை. தாய்க்கோழி இருந்தால் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும். இல்லாத இடத்தில் அட்டையால் வட்டம் கட்டி, உமி பரப்பி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். முதல் வாரத்துக்குச் சுமார் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கலாம். இதற்கு வெப்பமானி கூடத் தேவையில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். வட்டம் முழுக்கப் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்து, அரைத்த கம்பு, குருணை, சாணமும் ஈரச்சாக்கும் போட்ட பானையைக் கவிழ்த்துப் பிடித்த கரையான்: குஞ்சு தேறுவது இவற்றால்தான்.

நான்கைந்து வாரம் ஆனதும் கண் அடையாளம் தேடத் தொடங்கும். சிலவற்றின் கொண்டை தடித்து இளஞ்சிவப்பாகும். மற்றவற்றில் அது மங்கிய மஞ்சளாகவே தங்கும். சிவந்தது சேவல் என்று அப்போதே தீர்ப்பு எழுதுவது பொதுவாகப் பலிக்கும். ஆனால் கொண்டையை மட்டும் நம்புவது சோம்பல் பார்வை. பெருவிடை, அசில் இனங்களில் கொண்டையே சிறியது. தலையோடு ஒட்டிக் கிடப்பது. அங்கே கால்தான் பேசும். சேவல் குஞ்சின் கால் தடிமனானது, அது நிற்பதும் நிமிர்ந்துதான். வாலையும் பார்க்க வேண்டும். பெரிய உடம்புக்காரக் கோழிகளில் பெட்டைக்கு வால் சீக்கிரம் முளைத்துவிடும்; சேவல் குஞ்சோ முதுகில் இறகு மூடாமல், மொட்டை வாலோடு சில வாரம் திரியும். முரட்டுத்தனமாகச் சண்டை போடுவதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அந்த வயதில் பெட்டைகளும் மார்போடு மார்பு மோதும்.

ஐயமே வைக்காத அடையாளம் மூன்று மாதத்தை ஒட்டி வருகிறது. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே, முதுகின் இரு பக்கமும் முளைக்கும் இறகைப் பாருங்கள். சேவலில் அது நீண்டு, ஒடுங்கி, நுனி கூராகி, பளபளத்துத் தொங்கும். கழுத்திலும் அப்படியே. விடைக்கோழியில், அதாவது இளம் பெட்டையில், அதே இடத்து இறகு அகலமாக, நுனி வளைந்து, ஒன்றோடொன்று அடுக்கிப் படிந்திருக்கும். கோழியின் அழகில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். ஒரே தாயின் குஞ்சுகள் ஒரே தவிட்டைத் தின்று இப்படி இரண்டு விதமாக உடுத்திக்கொள்கின்றன!

மூன்று மாதம் காத்திருக்க முடியாத தொழில் பண்ணைகளுக்கு வழிகாட்டியது ஜப்பான். கியோஷி மசூயியும் அவருடைய சகாக்களும் 1920-களில் ஒரு நாள் வயதுக் குஞ்சின் எச்சத்துவாரத்தைப் பிதுக்கிப் பார்த்து இனம் பிரிக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1933-இல் அது ஆங்கில நூலாகவும் வந்தது. ஆண் குஞ்சில் குண்டூசித் தலையளவு மேடு இருக்கும், அழுத்தினாலும் அமுங்காது. பெட்டைகள் சிலவற்றிலும் அதன் சாயல் உண்டு என்பதால்தான் இது கடினமான வித்தை. கைதேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள், நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தவறாது. 'மினாரி' படத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கொரியத் தம்பதி செய்யும் வேலை இதுவே.

1987-இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரு உளவியலாளர்கள், ஐந்தரைக் கோடிக் குஞ்சுகளைப் பிரித்த ஒரு வல்லுநரின் உதவியோடு ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தார்கள். எங்கே பார்க்க வேண்டும், புடைப்பா பள்ளமா என்பது மட்டுமே அதன் சாரம். ஒன்றும் தெரியாதவர்களிடம் அதைக் கொடுத்துப் படங்களைக் காட்டியபோது, சரியான விடைகள் 60 சதவீதத்திலிருந்து 84-க்கு ஏறின. படத்தில் பார்ப்பது வேறு, துடிக்கும் உயிரைக் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு. ஆனாலும் பார்க்க வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்வதே பாதித் திறமை என்பது இதில் தெரிகிறது.

பண்ணைகள் குஞ்சு பிரிக்கும் வேகத்துக்குப் பின்னால் ஒரு கசப்பும் இருக்கிறது. முட்டைக்கென்று உருவாக்கிய இனங்களில் ஆண் குஞ்சுக்கு விலையில்லை. பிரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி இதை 2022-இல் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே இனம் காணும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. நாட்டுக்கோழிக்கு இந்தத் துயரம் இல்லை. சேவலுக்கும் சந்தை உண்டு, கறிக்கும் கோயில் நேர்த்திக்கடனுக்கும் தேடி வாங்குவார்கள். எனவேதான் நம் வீட்டுப் பெண்களால் இறகு கூராகும் வரை பொறுத்திருந்து பார்க்க முடிகிறது. குஞ்சு முழுக்கோழியாகும் ஒவ்வொரு படியையும் கண்ட பார்வை அது. எச்சத்துவாரத்தோடு முடிந்துபோகும் பார்வையைவிட நிறைவானது.

சேவல்கள் விலைபோன பிறகும் அந்தப் பார்வைக்கு வேலை இருக்கிறது. ஆறாம் மாதத்தை ஒட்டி விடைக்கோழியைப் பிடித்து, எச்சத்துவாரத்தின் இருபுறமும் இருக்கும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு விரலே இறுக்கமாக நுழைந்தால் இன்னும் நாளாகும். இரண்டு விரல் தாராளமாகப் பிடித்து, கொண்டையும் நன்றாகச் சிவந்து, முதுகில் கை வைத்ததும் கோழி பணிந்து உட்கார்ந்தால், கூடையில் வைக்கோல் போட்டு இருட்டான மூலையில் வைத்துவிட வேண்டியதுதான்.